தேயாத டயரும் மூப்படையும்

காரைக்காலில் ஒரே தெருவில் இரண்டு கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்தில் வாங்கப்பட்டவை. முதல் கார் வாடகைக் கார். நாள்தோறும் கும்பகோணத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் ஓடுகிறது. இரண்டாவது காரின் சொந்தக்காரர் பிரான்சில் இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது மட்டும் அதை எடுப்பார். மற்ற நாள்களில் வண்டி வாசலில், வேப்பமர நிழல் பாதியும் வெயில் பாதியுமாக நிற்கும்.

வாடகைக் காருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் டயர் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. புதிய டயர்கள் போட்டாகிவிட்டது. நின்ற காரின் டயர்களிலோ, ஒன்பது ஆண்டுகள் ஆகியும் 'பட்டன்' அப்படியே இருக்கிறது. பார்ப்பவர்கள், "புத்தம் புது டயர்!" என்கிறார்கள்.

இப்போது ஒரு கேள்வி. இந்த இரண்டு வண்டிகளில் ஒன்றில் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குச் செல்ல வேண்டும். எதில் ஏறுவீர்கள்?

நின்ற காரில் என்று சொன்னால், சற்றுப் பொறுங்கள். டயருக்குத் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மூப்பு என்று வேறொன்றும் உண்டு. தேய்மானம் ஓடினால்தான் வரும். மூப்பு, ஓடினாலும் வரும், நின்றாலும் வரும். தேய்மானத்தைக் கண்ணால் பார்க்கலாம். மூப்பின் பெரும்பகுதி டயருக்கு உள்ளேயே நடந்து முடிந்துவிடும். அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே காணப் போகிறோம்.

கந்தகம் போட்ட முடிச்சு

ரப்பர் மரத்தின் பாலில் இருப்பது ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலிகள். இவற்றைப் பல்லுறுப்பிகள் அல்லது பாலிமர்கள் என்பர். இழுத்தால் இச்சங்கிலிகள் நீளும். ஆனால் பச்சை ரப்பரில் ஒரு சங்கிலிக்கும் மற்றொன்றுக்கும் பிணைப்பு கிடையாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதில் டயர் செய்ய முடியாது.

1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியும் மீள்தன்மையும் கிடைப்பதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பாலங்கள் அமைக்கின்றன. மீன் வலையில் நூலும் நூலும் சந்திக்கும் இடங்களில் முடிச்சுப் போட்டிருப்பதைப் போன்றது இது. முடிச்சு இல்லாவிட்டால் அது வலையன்று, வெறும் நூல் குவியல். இந்தச் செயலுக்கு, ரோமானியரின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரால் 'வல்கனைசேஷன்' என்று பெயர். சாலையோரப் பஞ்சர் கடைகளின் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சொல்தான்.

முடிச்சு குறைவாக இருந்தால் ரப்பர் தளர்ந்திருக்கும். முடிச்சு மிகுந்துவிட்டால் விறைத்து, இழுத்தவுடன் வெடிக்கும். தொழிற்சாலையில் இரண்டுக்கும் நடுவே சரியான அளவில் நிறுத்துகிறார்கள். ஆனால் டயர் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகும் வேதிவினைகள் நின்றுவிடுவதில்லை. அவை மெதுவாகத் தொடர்கின்றன. இதுவே மூப்பின் தொடக்கம்.

மூன்று பகைவர்கள்

முதல் பகைவன் ஆக்சிஜன். நாம் உயிர் வாழத் துணை செய்யும் அதே வாயு, ரப்பர்ச் சங்கிலிகளைத் தாக்குகிறது. சில இடங்களில் சங்கிலியை வெட்டுகிறது. சில இடங்களில் வேண்டாத புதிய முடிச்சுகளைப் போடுகிறது. டயரில் இயற்கை ரப்பருடன் செயற்கை ரப்பர் வகைகளும் கலந்திருக்கும். மொத்த விளைவு என்னவென்றால், ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் கடினமாகிறது. நீளும் தன்மையை இழக்கிறது. விறைத்த ரப்பர் ஈரச் சாலையையும் நன்றாகப் பற்றாது.

இரண்டாவது பகைவன் ஓசோன். வானின் உயரத்தில் நமக்குக் குடை பிடிக்கும் ஓசோன், தரைக்கு அருகிலும் சிறிதளவு உண்டு. வாகனப் புகையில் உள்ள வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து அதை உண்டாக்குகின்றன. நூறு கோடிப் பங்கு காற்றில் சில பத்துப் பங்கு மட்டுமே ஓசோன் இருக்கும். ஆனால் ரப்பருக்கு அதுவே போதும். ரப்பர்ச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைத் தேடிப் போய் ஓசோன் துண்டிக்கிறது. அதிலும் ஒரு விந்தை உண்டு. தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் ஓசோன் வெடிப்பு ஏற்படாது. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில்தான் வெடிப்பு தோன்றும். அதுவும் இழுவிசைக்குக் குறுக்காகத் தோன்றும். சைக்கிள் டயரின் பக்கச் சுவரில் காணும் சிறு வெடிப்புகளில் பல இவ்வாறு வந்தவையே.

மூன்றாவது பகைவன் வெப்பம். இது தானே தாக்குவதைவிட, மற்றவர்களின் கையை வலுப்படுத்துவதே அதிகம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று வேதியியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதன்படி 30 டிகிரியில் நடக்கும் வினை, 50 டிகிரியில் நான்கு மடங்கு வேகத்தில் நடக்கும். கோடை வெயிலில், தார்ச் சாலை ஓரத்தில் நிற்கும் கருநிற டயரைத் தொட்டுப் பாருங்கள். குளிர்நாட்டு டயரும் நம்மூர் டயரும் ஒரே வேகத்தில் மூப்படையா என்பது உங்கள் விரலுக்கே தெரியும்.

கடற்கரை ஊர்களில் எழும் மற்றோர் ஐயத்தையும் இங்கே தீர்த்துக்கொள்வோம். உப்புக் காற்று டயரை அரிக்குமா? ரப்பரை உப்பு அதிகம் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் சக்கரத்தின் இரும்பு வளையத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். டயரில் ஆழமான வெட்டுக்காயம் இருந்தால், ஈரமும் உப்பும் அதன் வழியே நுழைந்து உள்ளே உள்ள எஃகுக் கம்பிகளையும் அரிக்கும். ஆகவே காரைக்கால் போன்ற ஊரில் சிறு வெட்டையும் புறக்கணிக்கக் கூடாது.

காவலர்களும் களைப்படைவர்

டயர் செய்பவர்கள் இப்பகைவர்களை அறியாதவர்கள் அல்லர். ரப்பர் கலவையிலேயே காவலர்களைச் சேர்த்துவிடுகிறார்கள்.

டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தொடக்க கால டயர்கள் வெளிர் நிறத்தில்தான் இருந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்பன் பிளாக் என்னும் நுண்ணிய புகைக்கரியைச் சேர்க்கத் தொடங்கினர். இது ரப்பரின் உறுதியைப் பெருக்குகிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களை உள்ளே விடாமல் தானே உறிஞ்சிக்கொள்கிறது.

அடுத்து மெழுகு. கலவையில் உள்ள மெழுகு சிறிது சிறிதாக மேற்பரப்புக்கு வந்து, மெல்லிய படலமாகப் படிந்து ஓசோனைத் தடுக்கிறது. ஆனால் டயர் உருளும்போது வளைந்து நிமிர்வதால் அப்படலம் உடையும். அப்போது காவல் காக்க 6பிபிடி போன்ற வேதிப்பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. இவையும் மெல்ல மேற்பரப்புக்கு வந்து, ரப்பரைத் தொடுவதற்கு முன் ஓசோனுடன் தாமே வினைபுரிந்து அழிகின்றன. பழைய டயரின் பக்கச் சுவரில் பழுப்பு நிறம் படிவதற்கு இதுவும் காரணம்.

தம்மைத் தந்து ரப்பரைக் காப்பதால், இக்காவலர்கள் நாளடைவில் தீர்ந்துபோகிறார்கள். புதிதாக நிரப்ப வழியில்லை. அதன் பிறகு மூப்பு விரைவுபடும்.

இந்த 6பிபிடி தொடர்பான செய்தி ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அது ஓசோனுடன் வினைபுரிந்து உண்டாகும் பொருள், மழைநீரோடு ஓடைகளில் கலந்து, கோஹோ சால்மன் என்னும் மீன்களைக் கொல்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தனர். இப்போது அதற்கு மாற்றுப் பொருள் தேடும் முயற்சிகள் நடக்கின்றன. ஒரு சிக்கலைத் தீர்க்கும் பொருள் வேறோர் இடத்தில் புதிய சிக்கலை உண்டாக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

உள்ளிருந்து வரும் தாக்குதல்

இனி மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். வெளியில் தெரியும் வெடிப்புகளைவிட ஆபத்தான மாற்றம் டயருக்கு உள்ளே நடக்கிறது.

இன்றைய கார் டயர் ரேடியல் வகையைச் சேர்ந்தது. அதன் மேற்பட்டைக்குக் கீழே எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. கம்பிகளுக்குப் பித்தளை முலாம் பூசப்பட்டிருக்கும். பித்தளையில் உள்ள செம்பும் ரப்பரில் உள்ள கந்தகமும் வினைபுரிந்து, எஃகையும் ரப்பரையும் ஒட்ட வைக்கின்றன. இரு பட்டைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய ரப்பர் அடுக்கு உண்டு. சக்கரம் ஒவ்வொரு முறை சுழலும்போதும் அந்த அடுக்கின் ஓரங்கள்தாம் அதிகமாக இழுபட்டுத் தளர்கின்றன.

டயருக்குள் அடைத்திருக்கும் காற்றைக் கவனியுங்கள். காற்றழுத்த மானி 32 பவுண்டு என்று காட்டினால், அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள அளவு. வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 15 பவுண்டு. ஆக, உள்ளே மொத்தம் 47 பவுண்டு. அதாவது வெளியைப்போல் மூன்று மடங்குக்கும் சற்று மேல். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் அல்லவா? அதன் அழுத்தமும் அதே போல மூன்று மடங்காகிவிடுகிறது. இந்த ஆக்சிஜன் ரப்பரின் ஊடே மெல்ல மெல்ல ஊடுருவி வெளியேற முயல்கிறது. போகிற வழியில் எஃகுப் பட்டைகளுக்கு நடுவே உள்ள அந்த ரப்பரை விறைக்கச் செய்கிறது. உட்புறத்தில் பியூட்டைல் வகை ரப்பரால் ஆன உள்ளுறை இதை மிகவும் குறைக்கிறது; முற்றிலும் தடுக்க முடிவதில்லை.

இதனால்தான் காரின் பின்புறம் தூங்கும் 'ஸ்டெப்னி'யும் மூப்படைகிறது. அது ஓர் அடிகூட ஓடியிராது. ஆனாலும் அதனுள் காற்று அடைபட்டிருக்கிறது. வண்டிக்குள் வெப்பமும் இருக்கிறது. (ஸ்டெப்னி என்ற பெயர், வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் உள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. மாற்றுச் சக்கரம் செய்த நிறுவனம் அங்கேதான் இருந்தது.)

பட்டைகளின் ஓரத்தில் ரப்பர் விறைத்ததும் சிறு வெடிப்பு தோன்றும். அது நாளடைவில் இரு பட்டைகளுக்கும் நடுவே பரவும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் நெடுஞ்சாலையில், கோடை வெயிலில், முழுச் சுமையுடன் விரைந்து செல்லும்போது மேற்பட்டை உரிந்து பிரிந்துவிடும்.

நடந்த இரண்டு நிகழ்ச்சிகள்

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற முன்வந்தது. மேற்பட்டை பிரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வடிவமைப்பு, தயாரிப்பு, குறைந்த காற்றழுத்தம் எனப் பல காரணங்கள் பேசப்பட்டன. ஆனால் ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டது. விபத்துகள் அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிபோர்னியா போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களிலேயே அதிகம் நடந்திருந்தன. இதன்பின் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையினர், கடும் வெயிலுக்குப் பெயர்போன ஃபீனிக்ஸ் நகரில் ஓடிய டயர்களைச் சேகரித்து ஆராய்ந்தனர். வயது ஏற ஏற, எஃகுப் பட்டைகளைப் பிணைத்திருக்கும் ரப்பரின் உறுதி குறைவது உறுதியாயிற்று.

இரண்டாவது நிகழ்ச்சி இங்கிலாந்தில் நடந்தது. 2012 செப்டம்பரில் இசை விழா ஒன்றிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு லிவர்பூல் நோக்கிச் சென்ற பேருந்து, ஹைண்ட்ஹெட் என்னுமிடத்தில் மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் இறந்தனர். முன் சக்கரத்தின் டயர் செயலிழந்ததே காரணம். அந்த டயரின் பட்டன் ஆழம் சட்டத்துக்கு உட்பட்டே இருந்தது. ஆனால் அதன் வயது 19 ஆண்டுகளுக்கும் மேல்! இறந்த இளைஞர் ஒருவரின் தாய் இதற்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல், 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட டயர்களை லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பொருத்துவது பிரிட்டனில் தடை செய்யப்பட்டது.

நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகள் பட்டனின் ஆழத்தை வரையறுக்கின்றன. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர், மற்ற வாகனங்களுக்கு 1.6 மில்லிமீட்டர். டயரின் வயதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

டயரின் பிறப்புச் சான்று

ஒவ்வொரு டயரும் தன் பிறந்த நாளைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. பக்கச் சுவரில், பெரும்பாலும் நீள்வட்டக் கட்டத்துக்குள், நான்கு இலக்கங்கள் இருக்கும். சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். எனவே உட்பக்கமும் பார்க்க வேண்டும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதாவது ஜூன் மாதத் தொடக்கம். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்திய டயர். உடனே வண்டியிலிருந்து இறக்கிவிட வேண்டியது.

எத்தனை வயது வரை ஓட்டலாம்? இதில் எல்லோரும் ஒரே கருத்தைச் சொல்வதில்லை. கார் நிறுவனங்கள் சில, 6 ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. டயர் நிறுவனங்கள் பல, 5 ஆண்டுகள் ஆனதும் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்றும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் 10 ஆண்டுகளில் மாற்றியே ஆக வேண்டும் என்றும் கூறுகின்றன. ஏன் இந்த வேறுபாடு? டயரின் மூப்பு அதன் வயதை மட்டும் பொறுத்ததன்று. வெயில், சுமை, காற்றழுத்தம் ஆகியவற்றையும் பொறுத்தது. வெயில் மிகுந்த ஊரில் இருக்கும் நாம், நீண்ட எல்லையைவிடக் குறுகிய எல்லையை ஒட்டி நடப்பதே அறிவுடைமை.

வயது எதுவாயினும், கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் டயரைத் தேர்ந்தவரிடம் காட்டி மாற்ற வேண்டும்:

1. பட்டனின் பள்ளங்களுக்கு நடுவே உள்ள சிறு மேடுகள் மேற்பரப்போடு சமமாகிவிடுதல். தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே அம்மேடுகள் வைக்கப்பட்டுள்ளன.
2. பக்கச் சுவரிலோ பள்ளங்களின் அடியிலோ வெடிப்புகள் ஆழமாகவும் நீளமாகவும் ஓடுதல்.
3. எங்கேனும் புடைத்திருத்தல். உள்ளே இழை அறுந்திருக்கிறது அல்லது அடுக்குகள் பிரிந்திருக்கின்றன என்பது இதன் பொருள்.
4. முன்பு இல்லாத அதிர்வு, ஓட்டும்போது திடீரெனத் தோன்றுதல்.
5. வெட்டுக்காயத்தின் வழியே கம்பியோ நூலோ தெரிதல்.

மூப்பைத் தள்ளிப்போடவும் வழி உண்டு. காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறையேனும், வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். காற்று குறைந்தால் பக்கச் சுவர் அதிகமாக வளைந்து நிமிரும். அதனால் வெப்பம் பெருகும். வெப்பம் பெருகினால் என்ன ஆகும் என்பதை முன்பே கண்டோம். அளவுக்கு மீறிய சுமையும் இதே தீங்கைச் செய்யும். நீண்ட நாள் நிறுத்தும் வண்டியை நிழலில் நிறுத்துவது நல்லது. கழற்றி வைத்த டயரை, ஓசோனை வெளியிடக்கூடிய மின் மோட்டார், வெல்டிங் எந்திரம் ஆகியவற்றின் அருகில் வைக்கக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

நான்கு ஒரே மாதிரியான ரப்பர் வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை மரத்துண்டில் நன்றாக இழுத்து மாட்டுங்கள். இரண்டைத் தளர்வாக விடுங்கள். இழுத்த ஒன்றையும் தளர்ந்த ஒன்றையும் மூடிய தகர டப்பாவில் இருட்டில் வையுங்கள். மற்ற இரண்டையும் மொட்டைமாடியில் மழை படாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக் குறித்து வாருங்கள். எதில் முதலில் வெடிப்பு வருகிறது? இழுத்த திசைக்கு எந்தப் பக்கமாக வருகிறது? ரப்பர் வளையத்தில் புகைக்கரி இல்லை என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அப்படியானால் வெயிலின் வேலை எது, ஓசோனின் வேலை எது என்று பிரித்தறிய ஐந்தாவது வளையத்தை எங்கே வைக்க வேண்டும்? சிந்தியுங்கள்.

மற்றொரு சோதனைக்கு உங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள வெர்னியர் அளவி போதும். அதன் பின்முனையில் நீளும் மெல்லிய கம்பி ஆழம் அளப்பதற்கானது. நிற்கும் வண்டியில், எஞ்சின் அணைந்திருக்கும்போது, டயரின் பள்ளத்தில் அக்கம்பியை இறக்கிப் படியுங்கள். சிறு மேடுகளின் மேல் வைக்காதீர்கள். நடுவில் ஓரிடம், இரு ஓரங்களில் ஓரிடம் என மூன்று அளவுகள் எடுங்கள். ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த டயர் நெடுநாள் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி.

அளக்க எந்த வண்டி கிடைக்கும் என்கிறீர்களா? உங்கள் பள்ளிப் பேருந்து இருக்கிறதே! காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. கோடை விடுமுறை முழுவதும் வெயிலில் நிற்கும். தேய்மானம் குறைவு, வயது மிகுதி என்று நாம் இதுவரை பேசியதெல்லாம் அதற்குப் பொருந்தும். ஆசிரியரிடமும் ஓட்டுநரிடமும் அனுமதி பெற்று, ஸ்டெப்னி உட்பட எல்லா டயர்களின் நான்கு இலக்கங்களையும் பட்டன் ஆழத்தையும் ஓர் அட்டவணையாக எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே இதைச் செய்து, அட்டவணையைத் தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள். அந்தப் பேருந்தில் நாள்தோறும் அமர்ந்து வருபவர்கள் நீங்கள்தாமே!